ஏணிக்காரன் போட்டிருந்த சட்டை

பள்ளிக்கூடம் லீவு விட்டால் எங்கள் வீட்டு முன்னறை எனக்குச் சொந்தமில்லை. என் மகன் ரிஸ்வானும், இடக்கொச்சியிலிருந்து வந்து இறங்கும் என் கொழுந்தன் மகள் ஹிபாவும் டிவிக்கு முன்னால் பாயை விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். ஆளுக்கொரு கன்ட்ரோலர். நான் துடைப்பத்தோடு குறுக்கே போனால் இரண்டு பேரும் தலையைச் சாய்த்து என்னைத் தாண்டிப் பார்ப்பார்கள். பெற்று வளர்த்தவளுக்கு அவ்வளவுதான் மரியாதை.

இப்போது அவர்கள் விளையாடுவது ஒரு சண்டை விளையாட்டு. நீங்கள் பார்த்திருக்கிறீர்களோ என்னமோ. பழைய விளையாட்டு, புது விளையாட்டு, இந்தக் கம்பெனி, அந்தக் கம்பெனி என்று பாராமல் எல்லா இடத்திலிருந்தும் ஆட்களைக் கூட்டிவந்து ஒரே கோதாவில் இறக்கி, அடித்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடுவார்கள். வாள் வைத்திருப்பவனும் உண்டு, வால் வைத்திருப்பவனும் உண்டு. ஒருவருக்கொருவர் சம்பந்தமே கிடையாது. முதலில் பார்த்தபோது எங்கள் மட்டாஞ்சேரி ஞாபகம்தான் வந்தது. குஜராத்தி, கொங்கணி, கட்ச் பக்கத்திலிருந்து வந்த கச்சிக்காரர், பாலக்காட்டுப் பக்கமிருந்து சுக்கு வியாபாரத்துக்கு வந்து தங்கிப்போன எங்களைப்போன்ற ராவுத்தர்கள் என்று ஒரே சந்துக்குள் எல்லோரும் இருந்தோம். குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் எங்களுக்குள்ளும் நல்ல சண்டை நடக்கும்.

அன்றைக்கு நான் வெங்காயம் உரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தேன். கோதா மாறியிருந்தது. சண்டைக்காரர்கள் நிற்கும் மேடையே ஒரு பழைய வீடியோ கேம் பெட்டி. அரக்குச் சிவப்பும் வெண்ணெய் நிறமும் கலந்த பெட்டி, இரண்டு பக்கமும் செருகி வைத்த தட்டையான கைப்பலகைகள், அந்தக் காலத்துக் கன்ட்ரோலர். அதன்மேல் எங்கிருந்தோ ஒரு ஏணி வந்து நின்றது. அதிலிருந்து கையில் விளக்கோடு ஒரு குள்ளன் குதித்தான். நான் கத்தியை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். எத்தனையோ வருஷம் கழித்துச் சொந்தக்காரன் ஒருவன் வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. ஏணிக்காரன். கம்பெனி அவனுக்கு என்ன பெயர் வைத்ததோ தெரியாது, நாங்கள் வைத்த பெயர் அதுதான்.

ஆனால் அவன் சிவப்புச் சட்டை போட்டிருந்தான். எனக்கு அது பிடிபடவில்லை.

“இவன் சட்டை பச்சையில்ல?” என்று கேட்டேன்.

ரிஸ்வான் திரும்பாமலே சொன்னான். “பச்சைதானே உம்மா.”

ஹிபா ஆட்டத்தை நிறுத்திவிட்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். “சுவப்பாணு அது. ரெண்டு பேருக்கும் கண்ணு தெரியலையா?”

எனக்குக் கண் தெரிந்தது. நானும் சிவப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை என்று எனக்குச் சொன்னவன் என் அண்ணன் ஜமால், அதுவும் நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது. இவனோ நேரே பார்த்துக்கொண்டே அதே பச்சையைச் சொல்கிறான். வெங்காயக் கையோடு அப்படியே நின்றேன். அடுப்பில் எண்ணெய் காய்ந்து புகைந்த பிறகுதான் நினைவு வந்தது.

அதே மாதிரி ஒரு பெட்டி நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் வீட்டுக்கு வந்த நாளைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் வாசனையைச் சொல்ல வேண்டும். என் அத்தாவுக்கு பஜார் ரோட்டில் ஒரு சுக்கு குடோனில் மேற்பார்வை வேலை. அவர் சட்டை, தலையணை, நாங்கள் போர்த்திப் படுத்த போர்வை, எல்லாமே சுக்கு மணக்கும். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் என்னைக் கஷாயம் என்றுதான் கூப்பிடுவாள். அந்த வீட்டுக்குள் அண்ணன் ஒரு அட்டைப்பெட்டியைத் திறந்தபோது புது பிளாஸ்டிக்கின் வாசனை எழுந்தது. அதற்குமுன் அப்படியொரு வாசனை எங்கள் வீட்டில் வந்ததில்லை. அம்மா கூட அடுப்படியிலிருந்து வந்து குனிந்து மோந்து பார்த்தாள்.

அண்ணன் அப்போது கப்பலில் இருந்தான். மேல்தளத்தில் பயிற்சி. படிப்படியாக ஏறினால் ஆபீசர், அதற்கு மேல் ஏறினால் கேப்டன். இந்த வீட்டில் அத்தா ஆசைப்பட்டது அது ஒன்றுதான். படகு ஜெட்டியில் போய் நின்று துறைமுகத்துக்குள் நுழையும் கப்பல்களைப் பார்ப்பார். எந்தக் கப்பல் போனாலும் பக்கத்தில் நிற்பவரிடம், நம்ம பையனும் இப்படி ஒண்ணுலதான் இருக்கான் என்பார். வெள்ளை யூனிஃபார்மில் மகனை ஸ்டூடியோவில் நிறுத்திப் படம் எடுக்க வேண்டும் என்று சுவரில் இடம்கூட ஒதுக்கி ஆணி அடித்து வைத்திருந்தார். அந்த ஆணியில் அம்மா சல்லடையை மாட்டுவாள், அத்தா எடுத்துக் கீழே வைப்பார்.

அண்ணன் சொன்ன நாளுக்கு முன்பாகவே வந்துவிட்டான். லீவு என்றான். ஜப்பானில் ஒரு துறைமுகத்தில் பழைய சாமான் கடையில் வாங்கினேன் என்று பெட்டியை நடுவில் வைத்தான். நாங்கள் பெட்டியைப் பார்த்தோம், அவனைச் சரியாகப் பார்க்கவில்லை. மெலிந்திருந்தான் என்று அம்மா மட்டும் சொன்னாள். எந்த மகன் வந்தாலும் எந்த அம்மாவும் சொல்வதுதானே என்று விட்டுவிட்டோம்.

பெட்டியை டிவியோடு சேர்த்தால் திரையில் புழுதி மாதிரி வெறும் புள்ளிதான் பறந்தது. பள்ளுருத்தியிலிருந்து டிவி மெக்கானிக் சேட்டன் ஒருவர் வந்தார். மீசையைக் கடித்துக்கொண்டே பின்பக்கத்தைத் திறந்து எதையெதையோ திருகினார். முதலில் சத்தம் வந்தது, டிங் டிங் என்று ஏதோ தாண்டிக் குதிக்கிற சத்தம். பிறகு படம் வந்தது. உருண்டு உருண்டு ஓடிக்கொண்டிருந்த படத்தை ஒரு திருகில் நிறுத்தினார். கையில் விளக்கோடு ஒரு குள்ளன் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தான். நான் கை தட்டினேன். ஆனால் எல்லாமே கறுப்பு வெள்ளை. எங்களுடையது கலர் டிவி, வாங்கி ஒரு பெருநாள்தான் ஆகியிருந்தது.

ஜப்பான்காரன் நிறத்தை அனுப்புகிற வழி வேறு, நம் ஊர் டிவி நிறத்தை வாங்குகிற வழி வேறு, அதனால் படம் வரும், நிறம் வராது என்று சேட்டன் விளக்கினார். உள்ளே ஒரு சின்ன போர்டு வைத்தால் நிறமும் வந்துவிடும், எறணாகுளத்தில் கிடைக்கும், அடுத்த வாரம் கொண்டுவரட்டுமா என்று கேட்டார். நான் அண்ணனின் கையைப் பிடித்து ஆட்டினேன்.

“வேண்டாம் சேட்டா, இதுதான் நல்லா இருக்கு” என்றான் அண்ணன்.

அன்று அவனோடு நான் பேசவில்லை. கஞ்சன் என்று நினைத்துக்கொண்டேன். கப்பலில் போகிறவன், ஊர் உலகம் பார்த்தவன், தங்கைக்கு நிறம் வாங்கித் தர மனசு வரவில்லையே என்று அம்மாவிடம் போய் அழுதேன். அம்மா, சட்டியில் இருக்கிற மீனுக்கு மட்டும் என்ன நிறம் இருக்கிறது, போய் விளையாடு என்று அனுப்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப்போல என் வாழ்க்கையில் திரும்ப வரவில்லை. பெண் பிள்ளைக்கு என்ன டிவி கேம் என்று எதிர்வீட்டில் கேட்டார்கள். அண்ணன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு கைப்பலகை அவனுக்கு, ஒன்று எனக்கு. சாயங்காலம் கரண்ட் கட் வருவதற்குள் எந்த மேடைவரை போக முடியும் என்பதுதான் எங்கள் போட்டி. ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் வசதியெல்லாம் அந்தப் பெட்டியில் கிடையாது. கரண்ட் போனால் ஏணிக்காரனும் போனான், மறுபடி முதல் ஏணியிலிருந்துதான். அண்ணன் என்னைவிட நன்றாக விளையாடினான். ஒரு தடவைகூட அவனுக்குத் தடுமாற்றம் வந்ததில்லை.

நான்தான் நச்சரிப்பேன். நீ ஜப்பான் கடையில் கலரில் பார்த்தாய் அல்லவா, ஏணிக்காரன் சட்டை என்ன நிறம், சொல்லு. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பச்சை என்பான். தொப்பி? அதுவும் பச்சை. ஏணி? அது ஒரு மாதிரி காவி. வானம்? நீலம் என்று உடனே சொல்வான், யோசிக்க மாட்டான். நான் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் நிறம் பூசுவேன். அந்த நிறத்தோடுதான் அவனை இத்தனை காலம் மனதில் வைத்திருந்தேன். அண்ணன் சொன்னவற்றில் வானம் மட்டும்தான் சரி என்று எனக்கு இந்த லீவில்தான் தெரிந்தது.

இப்போது உட்கார்ந்து யோசித்தால் ஒவ்வொன்றாக வருகிறது. அண்ணன் மிளகாய் வாங்கப் போனால் பச்சையும் பழமும் கலந்து அள்ளிக்கொண்டு வருவான். கண்ணைத் திறந்து வாங்கினால் என்ன என்று அம்மா திட்டுவாள். அந்தப் பெட்டியின் அரக்குச் சிவப்பை அவன் காபி கலர் என்றான், நாங்கள் சிரித்தோம். அம்மா எனக்கு எடுத்துவைத்த சிவப்புத் தாவணித் துணியைப் பார்த்து, புல் மாதிரி இருக்கு, நல்லா இருக்கு என்றான், கேலி பண்ணுகிறான் என்று நினைத்து அவன் முதுகில் ஒன்று வைத்தேன். சோம்பேறி, கவனமில்லாதவன், எதிலும் ஒரு அக்கறை இல்லை என்று வீட்டில் அவனுக்குப் பல பெயர் இருந்தது. யாராவது ஒருத்தராவது அவனை உட்கார வைத்து, இது உனக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டிருக்கலாம். கேட்கிற பழக்கமே எங்கள் வீட்டில் இல்லை. சொல்கிற பழக்கம்தான் இருந்தது.

லீவு நீண்டுகொண்டே போனது. ஒருநாள் அத்தா குடோனிலிருந்து மத்தியானமே வந்துவிட்டார். துறைமுகத்தில் வேலை பார்க்கும் யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள், உங்கள் மகனைப் பாதியிலேயே கப்பலிலிருந்து இறக்கிவிட்டார்களாமே என்று. எதற்கு என்று அவர்களுக்குத் தெரியவில்லை. சாதாரணமாகக் குடித்துவிட்டுச் சண்டை போட்டால்தான் அப்படி இறக்குவார்கள் என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டார்கள். அத்தா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நாங்கள் இரண்டு பேரும் கைப்பலகையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தோம்.

“குடிச்சியாடா?”

அண்ணன் எழுந்து நின்றான். என்னை ஒரு தடவை பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். அத்தா மறுபடி கேட்டார். அவன் வாயைத் திறந்தான், ஏதோ வரப்போகிறது என்று நான் நினைத்தேன், அதற்குள் அத்தாவின் கை விழுந்துவிட்டது. அதன்பிறகு அவன் பேசவில்லை. அந்த மௌனத்தையே பதிலாக எடுத்துக்கொண்டு அத்தா சுவரிலிருந்த ஆணியைப் பிடுங்கி வெளியே எறிந்தார்.

பிறகு அண்ணன் மும்பைக்குப் போய் வேறு கப்பலில் ஏறினான். சமையல்கட்டில் உதவியாள். பாத்திரம் கழுவுவது, ரொட்டிக்கு மாவு பிசைவது. அத்தா யாரிடமும் அதைச் சொல்லவில்லை. படகு ஜெட்டிக்குப் போவதையும் விட்டுவிட்டார். அண்ணன் ஊருக்கு வந்தால் வாசலில் தங்கும் விருந்தாளி மாதிரி இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவான். அம்மா மட்டும் அவன் வாய்க்குப் பக்கத்தில் போய் மோந்து பார்ப்பாள். அவன் சிரித்துக்கொண்டே வாயைத் திறந்து காட்டுவான். அதில் என்றைக்கும் பீடி வாசனைகூட இருந்ததில்லை என்று அம்மா என்னிடம் சொல்லியிருக்கிறாள், ஆனால் அத்தாவிடம் சொல்லத் துணிந்ததில்லை.

ஏதோ ஒரு தூர தேசத்துத் துறைமுகத்தில் மூளைக்காய்ச்சல் வந்து இறந்துபோனான். அங்கேயே அடக்கிவிட்டார்கள். சேதி எதிர்வீட்டு டெலிபோனுக்கு வந்தது. எனக்கு நிக்காஹ் பேசி முடித்திருந்த நேரம். துக்கம் கேட்க வந்தவர்களில் ஒருத்தி, குடிச்ச உடம்பு தாங்காது பாவம் என்றாள், அவளைச் சொல்லிக் குற்றமில்லை, எங்கள் வீட்டிலிருந்துதானே அந்தக் கதை போயிருந்தது. நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்ததும் அத்தா அந்தப் பெட்டியைப் பழைய இரும்புக்காரனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார். நான் தடுக்கவில்லை என்று சொல்ல முடியாது, தடுத்தேன், என் பேச்சை யார் கேட்டார்கள்.

இவ்வளவும் வெங்காயக் கையோடு நின்ற அந்த ஒரு நிமிஷத்தில் வந்து போனதா என்றால், இல்லை. அன்று ஏதோ ஒரு பயம்தான் வந்தது. மறுவாரம் ரிஸ்வானைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். திருப்பூணித்துறையில், பஸ் மாறி, அவன் முழு வழியும் முறைத்துக்கொண்டே வந்தான். டாக்டர் புள்ளி புள்ளியாக இருந்த படங்களைக் காட்டினார். எனக்குப் பளிச்சென்று எண்கள் தெரிந்தன. ரிஸ்வான் படத்தைக் கிட்டே வைத்தான், எட்ட வைத்தான், வெறும் புள்ளிதான் இருக்கு என்றான். அவனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியவில்லை என்றார் டாக்டர். பிறவியிலேயே வருவது, அம்மா வழியாக மகனுக்கு வரும், அம்மாவின் பார்வையில் ஒரு குறையும் இருக்காது, உங்கள் அண்ணன் தம்பி யாருக்காவது இருந்ததா என்று கேட்டார். நான் ரிஸ்வானின் சட்டைக் காலரைச் சரிசெய்தேன். பயப்பட ஒன்றுமில்லை, படிப்புக்கு ஒரு குறையும் வராது, சில வேலைகளுக்கு மட்டும் எடுக்க மாட்டார்கள் என்றார். ரயில் ஓட்ட முடியாது, விமானம் ஓட்ட முடியாது, கப்பலில் மேல்தளத்தில் வேலை பார்க்க முடியாது.

கப்பலில் ஏன் முடியாது என்று கேட்டேன். எதிரே வரும் கப்பலின் ஒரு பக்கத்தில் சிவப்பு விளக்கும் மறுபக்கத்தில் பச்சை விளக்கும் இருக்கும், இருட்டில் அதை வைத்துத்தான் அது எந்தப் பக்கம் போகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும், தப்பாகச் சொன்னால் மோதல்தான், தெரியவந்தால் உடனே இறக்கிவிடுவார்கள் என்றார். முதலில் சேரும்போதே சோதிப்பார்களே என்றேன். சோதிப்பார்கள், சிலர் எப்படியோ தப்பிப் போய்விடுவதும் உண்டு என்று சிரித்தார்.

ரிஸ்வானுக்கு ஏக சந்தோஷம். “அப்ப நான் தோத்ததெல்லாம் என் குத்தமில்ல” என்று பஸ் ஸ்டாப்பிலேயே ஹிபாவுக்குப் போன் போட்டான். அந்த விளையாட்டில் இரண்டு பேரும் ஒரே ஆளை எடுத்தால் ஒருவனுக்குச் சிவப்புச் சட்டையும் இன்னொருவனுக்குப் பச்சைச் சட்டையும் வருமாம். எது தன் ஆள் என்று தெரியாமல் இவன் இத்தனை நாளாக அடி வாங்கிக்கொண்டிருந்திருக்கிறான். நான் அவனோடு சேர்ந்து சிரித்தேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து அழுதேன்.

ஏன் அண்ணன் சொல்லவில்லை? இந்தக் கேள்வி என்னைத் தின்கிறது. கண்ணில் கோளாறு உள்ள குடும்பம் என்று பெயர் வந்தால் தங்கையை யார் கட்டுவார்கள் என்று நினைத்தானோ? அன்றைக்கு என்னை ஒரு தடவை பார்த்தானே, அது அதற்காகத்தானோ? அல்லது சொல்ல வாயெடுத்தபோது விழுந்த அடியோடு எல்லாம் போய்விட்டதோ? தெரியாது. இனி தெரியவும் போவதில்லை. ஒன்று மட்டும் தெரிகிறது. அந்த நிறம் வராத டிவிக்கு முன்னால்தான் அவனும் நாங்களும் ஒரே படத்தைப் பார்த்தோம். அதனால்தான் போர்டு வேண்டாம் என்றான். அதைக் கஞ்சத்தனம் என்று நினைத்து நான் ஒரு நாள் முழுக்க அவனோடு பேசாமல் இருந்தேன்.

யாரிடம் போய்ச் சொல்வது? அம்மா போய்விட்டாள். மெக்கானிக் சேட்டன் இல்லை. அத்தாவின் குடோன் இப்போது சாயா ஒன்றுக்கு நாலு சாயா விலை வாங்குகிற கஃபே, சுவரில் மட்டும் சுக்கு மூட்டைப் படம் மாட்டியிருக்கிறார்கள். யூதர்கள் குடியிருந்த ஜூ டவுனில் ஒரு கடையில் எங்கள் டிவி மாதிரியே ஒன்றைக் குடைந்து உள்ளே மீன் விட்டு வைத்திருப்பதைப் பார்த்தேன். வெளிநாட்டுக்காரி ஒருத்தி அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

அத்தா இருக்கிறார். என்னோடுதான் இருக்கிறார். வயதாகிவிட்டது, நேற்று நடந்தது நிற்பதில்லை, பழையது மட்டும் தெளிவாக இருக்கிறது. டாக்டரிடமிருந்து வந்த அன்றே அவர் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். புள்ளிப் படம், விளக்கு, மிளகாய், எல்லாம். பொறுமையாகக் கேட்டார்.

“அப்ப அவன் குடிக்கலையா?” என்றார்.

“இல்லத்தா. ஒரு நாளும் குடிக்கல.”

தன் வலது கையை எடுத்து மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அந்தக் கையாலேயே நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். நான் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. என் அத்தா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அண்ணன் இறந்த சேதி வந்தபோதுகூட அவர் அழவில்லை.

மறுநாள் காலையில் அவருக்கு அது ஞாபகம் இல்லை. குடிகாரப் பயல் என்றே பேச்சை எடுத்தார். மறுபடி சொன்னேன். மறுபடி அதே கேள்வி, அதே கை, அதே அழுகை, புதிதாகக் கேட்டவர்போல. அடுத்த நாளும் அப்படியே. ஒவ்வொரு தடவையும் அண்ணன் குற்றமற்றவனாகி, அன்று சாயங்காலத்துக்குள் மறுபடி குடிகாரனாகிவிடுவான். இடையில் அத்தா மட்டும் ஒரு முறை செத்துப் பிழைப்பார். சொல்வதை நிறுத்திவிட்டேன்.

முந்தாநாள் பள்ளிவாசலிலிருந்து ஒருவர் அத்தாவைப் பார்க்க வந்திருந்தார். பிள்ளைகள் எத்தனை என்று பேச்சுவாக்கில் கேட்டார்.

“மூத்தவன் கப்பல்ல இருந்தான்” என்றார் அத்தா. “குடிச்சான். இறக்கி விட்டுட்டாங்க.”

வந்தவர் என் முகத்தைப் பார்த்தார். நான் சாயா கிளாஸை அவர் முன்னால் வைத்து, சீனி போதுமா என்று கேட்டேன்.